‘சின்ன டீச்சர்’ என்றொரு பதவி

காலை எட்டு மணிக்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி விழித்துக்கொள்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்து இறக்கிய பாத்திரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா என்று ஆளுக்கொரு குரல். அவர்களைக் கை கழுவவைத்து, வரிசையாக உட்காரவைத்து, சட்டையில் சிந்திய சாம்பாரைத் துடைத்துவிட்டு, இன்னும் வந்து சேராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட ஓர் ஆசிரியர் வேண்டும். அதன் பிறகு வழிபாட்டுக் கூட்டம், வருகைப் பதிவு, மதியச் சத்துணவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. இதற்கிடையில் வட்டார வளமையத்தில் கூட்டம் என்று தலைமையாசிரியர் கிளம்பிப்போகிறார். மாலை மணி அடிக்கும்வரை ஐந்து வகுப்புகளும் மிச்சமிருக்கும் ஒரே ஆசிரியரின் பொறுப்பு.

அந்த ஆசிரியரை ஊர் ‘சின்ன டீச்சர்’ என்று அழைக்கிறது. தலைமையாசிரியர் ‘பெரிய டீச்சர்’ அல்லது ‘பெரிய சார்’. இரண்டாமவர் ஆணாக இருந்தால் ‘சின்ன சார்’. ஒரு பள்ளிக்குத் தலைவர் ஒருவர், அவருக்கு அடுத்த நிலையில் ஒருவர் என்று ஊர்மக்கள் தாமாகவே வகுத்துவைத்திருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த இந்த இரண்டாவது பதவி, அரசின் பணியிடப் பட்டியலில் கிடையாது. சம்பளப் பட்டியலில் அவர் இடைநிலை ஆசிரியர். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 24 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெருந்தொகையானவை ஈராசிரியர் பள்ளிகள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மூத்த ஆசிரியர் ஒருவர் உதவித் தலைமையாசிரியராக இருக்கிறார். அலுவலக வேலைக்கு இளநிலை உதவியாளர் போன்றோருக்கும் பணியிடம் உண்டு. தனியார் பள்ளிகளில் துணை முதல்வருக்குத் தனி அறையே இருக்கும். பள்ளி வாசலை முதன்முதலாக மிதிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள் வந்து சேரும் தொடக்கப் பள்ளியில் மட்டும் துணைத் தலைமையாசிரியரும் இல்லை, எழுத்தரும் இல்லை. அந்த இரண்டு பேரின் வேலையும் வகுப்பெடுக்கும் இரண்டு ஆசிரியர்களின் தலையில் இருக்கிறது.

இரண்டாவது ஆசிரியர் வந்த கதை

ஈராசிரியர் பள்ளி என்பதே ஒரு காலத்தில் பெரிய முன்னேற்றம். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கிராமங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புகள் என்றுதான் பள்ளிகள் நடந்தன. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. 1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் இந்த நிலையை மாற்ற முனைந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை அவர்களில் ஒருவர் பெண், அத்தியாவசியமான கற்பித்தல் பொருட்கள் என்பது அதன் இலக்கு. சின்ன டீச்சர் பல ஊர்களுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த எண்ணிக்கையைச் சட்டமாக்கியது. அதன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர். பிள்ளைகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால்தான் ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர். துணைத் தலைமையாசிரியர் என்ற சொல் அந்த அட்டவணையில் எங்கும் வரவில்லை.

தமிழ்நாட்டில் சிறிய தொடக்கப் பள்ளிகளுக்கும் தலைமையாசிரியர் பணியிடம் இருக்கிறது. ஆனால், அவர் அந்த இரண்டு பேரில் ஒருவர். 1 முதல் 3 வரையிலான வகுப்புகளை ஒருவரும் 4, 5 வகுப்புகளை இன்னொருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதோ ஒரு வகுப்பில் ஆசிரியர் இல்லாத மணி நேரம். அவர் வெளியே போனால் அந்த வகுப்பும் சேர்ந்து அடுத்த அறைக்கு நகர்கிறது. 1987-ல் எந்த நிலையை ஒழிப்பதற்குத் திட்டம் போட்டார்களோ, அதே ஓராசிரியர் பள்ளி கூட்டம் நடக்கும் நாள்களில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

ஜூன் முதல் ஏப்ரல் வரை

தொடக்கப் பள்ளியின் வேலைகளை மாதவாரியாக எழுதிப் பார்த்தால் சுமையின் உருவம் தெரியும். பள்ளி திறந்தவுடன் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் என்று விலையில்லாப் பொருட்கள் வருகின்றன. அவற்றை இறக்கி, எண்ணி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, காலணி அளவு மாறிய பிள்ளைக்கு மாற்றி வாங்கி, கொடுத்ததற்குக் கையெழுத்தும் பெற வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று விவரங்களைத் திரட்டிக் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பெற்றோரைத் திரும்ப வரவழைக்க வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அது ஒரு நாள் வருமானம் என்பது ஆசிரியருக்கும் தெரியும்.

அடுத்து உதவித்தொகைப் பட்டியல். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கில்லாத பிள்ளைகளின் தாய்மார்களை வங்கிக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்கள் பலர். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்ட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், அதைப் பதிவேற்ற வேண்டும். குடற்புழு நீக்க மாத்திரை, மருத்துவக் குழுவின் வருகை, கலைத் திருவிழா, தேசிய விழாக்கள், ஆண்டு விழா என்று வரிசை நீள்கிறது. பள்ளி மானியம் வந்தால் அதைச் செலவழிப்பதும் கணக்கு காட்டுவதும் தனி வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25 ஆயிரம் ரூபாய். சுண்ணாம்பு, மின்விசிறி, குழாய், துடைப்பம், கரும்பலகைக்குப் பூச வேண்டிய வண்ணம் வரை ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். தணிக்கைக்குக் காட்ட வேண்டும்.

இவற்றில் தேவையற்றது என்று தள்ளத்தக்கவை குறைவு. காலை உணவுத் திட்டமே அதற்குச் சான்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட திட்டம், 2023 ஆகஸ்டு 25 அன்று திருக்குவளையிலிருந்து 31,008 அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்த எந்த ஆசிரியரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சமைப்பதற்கு ஆள் போட்ட அரசு, அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடுதல் ஆசிரியர் எவரையும் போடவில்லை என்பதே இங்கே சொல்ல வேண்டியது. ஒவ்வொரு நல்ல திட்டமும் பள்ளிக்குள் நுழையும்போது, அதை அன்றாடம் நடத்திக்கொடுக்கும் ஆள் ஏற்கெனவே அங்கே இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. அந்த ஆள் சின்ன டீச்சர்.

கைபேசி வந்த பிறகு சுமையின் வேகம் கூடியிருக்கிறது. முன்பு அஞ்சலில் வந்த சுற்றறிக்கைக்குப் பதில் எழுத ஒரு வாரம் இருந்தது. இப்போது வட்டார வாட்ஸ்அப் குழுவில் பதினொரு மணிக்கு ஒரு படிவம் வந்தால் மதியத்துக்குள் நிரப்பிவிட வேண்டும். நிகழ்ச்சியின் ஒளிப்படத்தையும் கேட்பார்கள். இணைய வசதி சரியாக எட்டாத மலைக் கிராமத்து ஆசிரியர், சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப்போகிறார். அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே எழுதிய எழுத்தையே மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எமிஸ் பதிவேற்றத்திலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் முன்வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. சம்பளத்துக்கு இணையாக ஓர் இணையதளமும் போராட்டக் கோரிக்கையாக மாறியதிலிருந்தே அது எவ்வளவு நேரத்தைத் தின்றது என்பதை ஊகிக்கலாம்.

சட்டம் சொன்னதும் நடப்பதும்

ஆசிரியர்களை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் விதிவிலக்கு. இந்த மூன்றாவது விதிவிலக்கின் வழியாகத்தான் ஆசிரியர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாகப் போகிறார்கள்.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே பேசிவிட்டது. தேர்தல் ஆணையத்துக்கும் செயின்ட் மேரீஸ் பள்ளிக்கும் இடையிலான வழக்கில், வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும் கொடுக்க வேண்டும் என்று அது கூறியது. ஆசிரியரல்லாத பணியாளர்களை எந்த நாளிலும் அழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. தொடக்கப் பள்ளியில் ஆசிரியரல்லாத அலுவலகப் பணியாளர் எவரும் இல்லையே! ஆகவே தீர்ப்பின் பயன் அங்கே வந்து சேரும்போது பாதியாகிவிடுகிறது.

கற்பித்தலுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதைத் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் 2018-ல் சில மாநிலங்களில் ஆய்வுசெய்தது. ஆசிரியரின் ஆண்டுப் பள்ளி நேரத்தில் வகுப்பில் பாடம் நடத்தச் செலவானது 19.1 சதவீதம் என்று அந்த ஆய்வு கண்டது. தமிழ்நாடு அந்த ஆய்வில் இல்லை; இங்கே நிலைமை மேலாகவே இருக்கலாம். ஆனால், இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் பத்து சதவீத நேரம் போனாலும் பாதிக்கப்படுவது இரண்டரை வகுப்பு என்பதை மறந்துவிட முடியாது.

தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருப்பது ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம். ஆசிரியருக்குப் பாடத் தயாரிப்பும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம். தயாரிப்பு நேரம் என்று சட்டமே ஒன்றைச் சொல்கிறது. ஐந்து வகுப்புக்கு இருவர் மட்டும் இருக்கும் பள்ளியின் கால அட்டவணையில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

துணைத் தலைமையாசிரியர் எதற்காக?

துணைத் தலைமையாசிரியர் என்றதும் தலைமையாசிரியர் இல்லாதபோது கையெழுத்துப் போடுபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் பள்ளிகளில் அப்படிப்பட்ட ‘பொறுப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. தலைமையாசிரியர் தற்செயல் விடுப்பில் போனால் மூத்த ஆசிரியர் பொறுப்பு. பணியிடம் காலியானால் மாதக்கணக்கில் பொறுப்புத் தலைமையாசிரியர். இதில் அதிகாரம் குறைவு, கேள்வி கேட்கப்படும் வாய்ப்பு அதிகம்.

துணைத் தலைமையின் உண்மையான வேலை வேறு. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் யார் யார், அவர்களை யார் எப்போது உட்காரவைத்துப் படிக்கவைப்பது என்று கவனிப்பது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவது. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியரின் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்த்து, வகுப்பு முடிந்ததும் அவரிடம் பேசுவது. பிள்ளையின் உடலில் காயம் தெரிந்தால், பேச்சு திடீரென்று குறைந்துபோனால், அதை முதலில் கவனித்து உரிய இடத்துக்குக் கொண்டுபோவது. 1098, 14417 என்ற உதவி எண்கள் பள்ளிச் சுவரில் இருக்கின்றன. அந்த எண்ணை அழைக்க வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை இருப்பதைக் கண்டுகொள்ளும் கண்ணுக்கு நேரம் வேண்டும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிச் செயல்பாடு கொடுத்து, யார் எந்த நிலைக்கு முன்னேறினார் என்று பார்ப்பது நுட்பமான வேலை. அதைச் செய்துகொண்டிருக்கும் ஆசிரியரைப் பக்கத்து அறையின் 4, 5 வகுப்புகளையும் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ள’ச் சொன்னால், முதலில் அறுபடுவது அரும்பு நிலைப் பிள்ளையோடு அவர் செலவிடும் அந்தப் பத்து நிமிடம்தான்.

பிற நாடுகளின் பாடம்

தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலேயே மாற்று ஏற்பாடு இருக்கிறது. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் தொடக்கப் பள்ளிகளாக இயங்குகின்றன. அந்நாட்டின் தொடக்கப் பள்ளி அமைப்பில் தலைமையாசிரியருக்குக் கீழே மூன்று துணைத் தலைமையாசிரியர் பொறுப்புகள் உண்டு. ஒருவர் நிர்வாகத்தையும் பாடத்தையும் பார்க்கிறார். ஒருவர் மாணவர் நலத்தை. இன்னொருவர் விளையாட்டு, கழகங்கள் உள்ளிட்ட புறப்பாட நடவடிக்கைகளை. மூவரும் வகுப்பும் எடுக்கிறார்கள். தோட்டப்புறப் பள்ளியாக இருந்தாலும் ‘மாணவர் நலம்’ என்பது பெயரும் பொறுப்பும் கொண்ட ஒருவரின் வேலை. இலங்கையிலும் அதிபர், பிரதி அதிபர், உதவி அதிபர் என்ற அடுக்கு தமிழ்ப் பள்ளிகளுக்குப் பழக்கமானது.

இங்கிலாந்தின் அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. அங்கே தொடக்கப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் பெரும்பாலும் வகுப்பாசிரியராகவும் இருக்கிறார். மதிப்பீடு, கால அட்டவணை, விடுப்பில் போன ஆசிரியருக்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றோடு பிள்ளைகள் பாதுகாப்புக்கான பொறுப்பும் பல பள்ளிகளில் அவரிடமே. அந்தப் பொறுப்பைப் பள்ளித் தலைமைக் குழுவின் மூத்த உறுப்பினர்தான் ஏற்க வேண்டும் என்பது அரசின் விதி. சாதாரண ஆசிரியருக்கு ஆண்டுக்கு 195 நாள், 1,265 மணி நேரம் என்ற வேலை வரம்பு இருக்கிறது. தலைமையாசிரியருக்கும் துணைத் தலைமையாசிரியருக்கும் அந்த வரம்பு பொருந்தாது. வரம்பில்லாத வேலை எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததே. பதவியை உண்டாக்கிவிட்டு நேரத்தைக் கொடுக்காமல் விட்டால் துணைத் தலைமையாசிரியர் எல்லோருடைய மிச்ச வேலைக்கும் ஆளாகிவிடுகிறார். தமிழ்நாடு இந்தப் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்துவிடக் கூடாது.

அதே இங்கிலாந்து செய்த உருப்படியான காரியமும் ஒன்று உண்டு. 2003-ல் அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஆசிரியர் வழக்கமாகச் செய்யக் கூடாத 20-க்கும் மேற்பட்ட எழுத்தர் வேலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். கட்டுக்கட்டாக நகல் எடுப்பது, பிள்ளைகளிடம் பணம் வசூலிப்பது, பட்டியல் தட்டச்சு செய்வது, சுவரில் காட்சிப் படங்கள் ஒட்டுவது என்று வெளிப்படையாக எழுதினார்கள். பாடத் தயாரிப்புக்காகக் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்து சதவீதம் 2005 முதல் கட்டாயமாக ஒதுக்கப்பட்டது. பின்னாளில் விதியிலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பட்டியல் 2024-ல் மீண்டும் சேர்க்கப்பட்டது. ‘தேவையற்ற பணிகள் குறைக்கப்படும்’ என்ற பொதுவான அறிவிப்பைவிட, எவை எவை என்று எழுதிய தாள் ஆசிரியர் கையில் இருப்பது வலிமையானது.

தமிழ்நாட்டின் சிறிய பள்ளிகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அயர்லாந்து. அங்கும் கிராமங்களில் இரண்டு, மூன்று ஆசிரியர் பள்ளிகள் ஏராளம். தலைமையாசிரியரே வகுப்பெடுக்கிறார். அப்படி வகுப்பெடுக்கும் தலைமையாசிரியருக்கு நிர்வாக வேலைக்காக வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பிலிருந்து விடுப்பு உண்டு. அந்த நாளில் மாற்று ஆசிரியர் வந்து அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். அருகருகே உள்ள சில பள்ளிகள் சேர்ந்து ஒரே மாற்று ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் அடுத்த பள்ளி.

இங்கே என்ன செய்யலாம்?

இந்த அயர்லாந்து ஏற்பாட்டுக்கு வேண்டிய கட்டமைப்பு தமிழ்நாட்டில் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குறுவள மையங்கள் உண்டு. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காக அங்கேதான் கூடுகிறார்கள். ஐந்து ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஒரு சுற்று ஆசிரியரை நியமித்தால், வாரத்தின் ஐந்து நாள்களும் ஐந்து பள்ளிகளுக்குச் சரியாகப் பொருந்தும். அந்த நாளில் தலைமையாசிரியர் பதிவேடு, மானியக் கணக்கு, பெற்றோர் சந்திப்பு ஆகியவற்றை முடித்துக்கொள்ளலாம். வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டம் வைத்தாலும் அந்தந்தப் பள்ளியின் சுற்று நாளை ஒட்டி வைக்கலாம். மற்ற நான்கு நாள்களில் தலைமையாசிரியர் வகுப்பறையை விட்டு வெளியே வரத் தேவை இருக்காது. சின்ன டீச்சர் தன் மூன்று வகுப்புகளோடு இருப்பார்.

அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் கணக்கிட்டாலும் ஐந்துக்கு ஒருவர் என்றால் 5 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் ‘உபரி’ என்று கணக்கிடப்படும் ஆசிரியர்கள் பணி நிரவல் என்ற பெயரில் வேறு இடங்களுக்கு மாற்றப்படுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை அதே வட்டாரத்தில் சுற்று ஆசிரியர்களாக வைத்துக்கொள்ளலாம். மீதிக்குப் புதிய நியமனம் தேவைதான். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் தேறிப் பல ஆண்டுகளாக நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கும் மாநிலத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நூறு பிள்ளைகளைத் தாண்டிய தொடக்கப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் துணைத் தலைமையாசிரியர் என்ற பணியிடமே வேண்டும். அந்தப் பதவியோடு மூன்று நிபந்தனைகள் எழுத்தில் வர வேண்டும். அவருக்கு வகுப்பு உண்டு, ஆனால் பாடவேளைகள் மற்றவர்களில் பாதி. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், வருகை, பிள்ளைகள் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அவருடைய பொறுப்பு. இணையப் பதிவேற்றம் அவர் வேலை கிடையாது. கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஒரே பருவத்தில் காற்றில் போய்விடும்.

பதிவேற்றத்துக்கு யார் என்றால், குறுவள மையத்துக்கு ஓர் அலுவலக உதவியாளர். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர், இருசக்கர வாகனத்தில் நாளுக்கொரு பள்ளிக்குப் போய் அந்த வாரத்தின் விவரங்களை ஏற்றிவிட்டு வரலாம். சம்பளச் செலவு உண்டு. அதே வேலையைத் தலைமையாசிரியர் சம்பளத்தில் இருப்பவர் பாட நேரத்தில் செய்யும்போது ஆகும் செலவும் செலவுதான். அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் காட்டப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

ஆசிரியர்கள் தரப்பிலேயே ஒரு தயக்கம் உண்டு. ஏற்கெனவே தலைமையாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று கேள்வி கேட்பவர்களின் வரிசை நீளமானது. அதில் இன்னொரு மேலாளரா என்பது நியாயமான கவலை. துணைத் தலைமையாசிரியர் வகுப்பெடுக்கும் ஆசிரியராகவே நீடிப்பதும், சக ஆசிரியரின் வகுப்பில் அவர் உட்காருவது மதிப்பெண் போடுவதற்காக இருக்காது என்று விதியில் எழுதுவதும் இந்தக் கவலைக்கு விடை. வந்து பார்த்துக் குறை எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லை.

துணைத் தலைமையாசிரியர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிமூப்பில் தலைமையாசிரியர் ஆகிறார். நேற்றுவரை பாடம் நடத்தியவர் இன்று காலை மானியக் கணக்குக்கும் கட்டடப் பழுதுக்கும் ஊராட்சித் தலைவரோடு பேச்சுவார்த்தைக்கும் பொறுப்பேற்கிறார். இடையில் பழகிக்கொள்ள ஒரு படிக்கட்டு இல்லை. இருபது ஆண்டுகள் கற்பித்த நல்ல ஆசிரியர்கள் சிலர், தலைமையாசிரியர் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதற்கு இந்தப் பயமும் காரணம். துணைத் தலைமை என்பது அந்தப் படிக்கட்டு.

தொடங்க ஒரு வட்டாரம் போதும்

இதை ஒரே ஆணையில் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவர வேண்டியதில்லை. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித்தான் மாநிலத்துக்குப் பரவியது. காலை உணவும் 1,545 பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட பிறகே விரிந்தது. அதே வழியில் மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சுற்று ஆசிரியரையும் குறுவள மைய உதவியாளரையும் அங்கே அனுப்பிப் பார்க்கலாம். மலை வட்டாரம் ஒன்றும் கடலோர வட்டாரம் ஒன்றும் அதில் இருப்பது நல்லது. பள்ளிகளுக்கு இடையிலான தூரம் அங்கேதான் சோதிக்கும்.

அளந்து பார்ப்பதற்கும் புதிய செயலி எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர் எத்தனை நாள் பாட நேரத்தில் வெளியே போனார், ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் பார்த்த நாள்கள் எத்தனை, அரும்பு நிலையில் இருந்த பிள்ளைகளில் ஆண்டு முடிவில் எத்தனை பேர் அடுத்த நிலைக்குப் போனார்கள். இந்த மூன்று எண்களைத் திட்டம் வந்த வட்டாரத்திலும் வராத பக்கத்து வட்டாரத்திலும் வைத்து ஒப்பிட்டால் போதும். சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது, புதிய கட்டடங்களின் எண்ணிக்கையோடு இந்த எண்களையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

அதுவரை மாலை நான்கு மணிக்குப் பிறகும் பல தொடக்கப் பள்ளிகளில் ஓர் அறை திறந்தே இருக்கும். பிள்ளைகள் போன பிறகு சின்ன டீச்சர் அன்றைய படிவத்தைக் கைபேசியில் நிரப்பிக்கொண்டிருப்பார். அழைத்துப்போக ஆள் வராத இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொல்லில் விரலை வைத்து, “டீச்சர், இது என்ன?” என்று கேட்கும். அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மெல்ல வாசித்துக் காட்டுவார்.